இரண்டு கியர் ஒன்றாக விழுந்தால்

பழைய உழவு இயந்திரம் ஓட்டியவர்கள் ஒரு தடவையாவது கேள்விப்பட்டிருக்கும் கோளாறு ஒன்று உண்டு. கியர் மாற்றும்போது கம்பி வழக்கமில்லாத ஒரு சத்தத்தோடு விழும். கிளச்சை விட்டதும் இஞ்சின் ஓர் உதறு உதறி நின்றுபோகும். அதன் பிறகு வண்டி முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் போகாது. கிளச்சை அடிவரை மிதித்துக்கொண்டு நான்கு பேர் தள்ளினாலும் பின் சக்கரம் அசையாது. கண்டிப் பக்கத்துக் கராஜ்களில் இதைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும்: டபுள் கியர்.

ஏன் இப்படிப் பூட்டிக்கொள்கிறது? எதுவும் உடையவில்லை. எந்தப் பல்லும் சிக்கவில்லை. பூட்டியிருப்பது கணக்கு. முதல் கியரில் உள்ளே வரும் தண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் வெளியே போகும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கியரில் ஒன்றுக்கு ஒன்று. இரண்டு கியரும் ஒரே நேரத்தில் விழுந்தால், உள்தண்டின் வேகம் வெளித்தண்டின் வேகத்தைப்போல மூன்று மடங்காகவும் இருக்க வேண்டும், அதற்குச் சமமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் ஒன்றாக நிறைவேற ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. இரண்டு வேகமும் பூச்சியமாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நாம் தாளில் தீர்த்த சமன்பாட்டை ஒரு வார்ப்பிரும்புப் பெட்டி தன் பற்களால் தீர்த்துவிட்டு அசையாமல் நிற்கிறது. எனக்கு இது இன்றுவரை வியப்புக் குறையாத விஷயம்.

இந்த விபரீதம் நேராமல் தடுக்கவென்றே பெட்டிக்குள் ஒரு சிறு ஏற்பாடு உண்டு. அதைக் கழற்றிப் பூட்டும்போதுதான் அதன் அறிவு தெரியும். அதற்கு முன் வண்டியைப் பற்றிக் கொஞ்சம்.

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் நான்கு சக்கர உழவு இயந்திரம் உழுவதைவிட இழுப்பதே அதிகம். படிப்படியாக வெட்டிய வயல்களுக்குள் அதைத் திருப்ப இடம் போதாது. அங்கே கையால் பிடித்து நடத்தும் இரு சக்கர லேண்ட்மாஸ்டர்தான் இறங்கும். பெரிய இயந்திரத்துக்கு வேலை தெருவில். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து, விறகு, உர மூட்டை. ஊருக்குள் மணல், செங்கல், தண்ணீர்த் தாங்கி. தெல்தோட்டை, கலஹா, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் டிரெயிலரோடு இறங்கி வரும் சிவப்பு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பழையவை பெரும்பாலும் மெஸ்ஸி ஃபெர்குசன் 35, 135 குடும்பத்தைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் கொவன்ட்ரி நகரத்து பேனர் லேன் தொழிற்சாலையில் 35 என்ற மாதிரி 1956 முதல் 1964 வரையிலும், 135 அதைத் தொடர்ந்து 1975 வரையிலும் செய்யப்பட்டன. சென்னையில் 1960களின் தொடக்கத்தில் உருவான டாஃபே நிறுவனமும் இதே வம்சத்து வண்டிகளைத்தான் செய்யத் தொடங்கியது. டாஃபே வண்டிகளும் இலங்கைத் தெருக்களில் ஏராளம். ஐம்பது, அறுபது வயதான இந்த இயந்திரங்கள் இன்னும் உழைக்கின்றன என்றால் அதற்குக் காரணம், அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் இங்கே இருப்பதுதான்.

இந்த வண்டிகளுக்குச் சட்டம் கிடையாது. லொறிக்கு இருப்பதுபோல நீள இரும்புச் சட்டத்தின்மேல் இஞ்சினை வைக்கவில்லை. முன்னால் இஞ்சின், நடுவில் கியர் பெட்டி, பின்னால் அச்சுக் கூடு என்று மூன்றையும் போல்ட் போட்டு இணைத்தால் அதுவே வண்டியின் முதுகெலும்பு. ஹாரி ஃபெர்குசனின் சிறிய சாம்பல் நிற வண்டி, 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட டிஇ20, இதே அமைப்பில் வந்ததுதான். ஆகவே கியர் பெட்டியைக் கழற்றுவதென்றால் வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். சங்கிலிக் கப்பியும் மரக் கட்டைகளும் வைத்து, முன்பாதியை ஒரு பக்கம் தாங்கி, பின்பாதியைச் சக்கரத்தோடு உருட்டி விலக்குவார்கள். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு மனம் பதைக்கும்.

பெட்டிக்குள் இருப்பது எளிமையான அமைப்பு. இரண்டு தண்டுகள், அவற்றில் வெவ்வேறு அளவுப் பற்சக்கரங்கள். ஒரு தண்டின் வரித்தடங்களில் சில சக்கரங்கள் முன்னும் பின்னும் வழுக்கி நகரும். நகர்ந்து எதிர்ச் சக்கரத்தின் பல்லோடு சேர்ந்தால் கியர் விழுந்தது, விலகினால் நியூட்ரல். பிரான்சில் எமில் லெவாசோர் 1890களில் மோட்டார் வண்டிகளுக்குப் பயன்படுத்திய அதே வழுக்குச் சக்கர முறைதான் இது. இரண்டு சக்கரத்தின் வேகத்தையும் சமப்படுத்தி மெதுவாகச் சேர்க்கும் சின்க்ரோமெஷ் 1928இல் காடிலாக் கார்களில் வந்துவிட்டது; உழவு இயந்திரத்துக்கு அது தேவையென்று அப்போது யாரும் நினைக்கவில்லை. வயலில் வண்டியை நிறுத்தித்தானே கியர் மாற்றுகிறோம் என்பது நியாயம். சமதரையில் அந்த நியாயம் சரி. மலையில் அதற்கு வேறு விலை உண்டு. அந்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

வழுக்கும் சக்கரத்தைத் தள்ளுவது ஃபோர்க். கவட்டைபோன்ற அந்த இரும்பு சக்கரத்தின் கழுத்துப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். ஃபோர்க்கைச் சுமப்பது விரல் பருமனுள்ள ஓர் உருக்குத் தண்டு. மூன்று முன்னோட்டமும் ஒரு பின்னோட்டமும் கொண்ட பெட்டிக்கு இப்படி இரண்டு தள்ளுதண்டுகள். ஒன்று முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும். மற்றது இரண்டுக்கும் மூன்றுக்கும். ஓட்டுநர் கையில் இருக்கும் கியர் கம்பியின் அடிமுனை இந்த இரண்டு தண்டுகளின் தலையிலுள்ள வெட்டுகளில் ஏதாவது ஒன்றில் நுழைந்து அதைத் தள்ளுகிறது. கம்பியை இடம் வலம் அசைப்பது தண்டைத் தெரிவுசெய்ய. முன் பின் அசைப்பது கியரைப் போட.

இங்கேதான் குண்டும் ஸ்பிரிங்கும் வருகின்றன. ஒவ்வொரு தள்ளுதண்டின் முதுகிலும் மூன்று பள்ளங்கள் வெட்டியிருக்கும். நடுப்பள்ளம் நியூட்ரல், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒவ்வொரு கியர். மேலிருந்து ஒரு ஸ்பிரிங் அழுத்த, ஒரு பெயாரிங் குண்டு அந்தப் பள்ளத்தில் விழுந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும். சில மாதிரிகளில் குண்டுக்குப் பதிலாக முனை கூரான சிறு ஆணி. கியர் விழும்போது கைக்குத் தெரியும் அந்த மெல்லிய துள்ளல், குண்டு பள்ளத்தில் இறங்கும் துள்ளல். பிறகு ஓட்டுநர் கையை எடுத்துவிடுகிறார். நாள் முழுக்கக் கியரை அதன் இடத்தில் வைத்திருப்பது அந்தக் குண்டு.

கணக்குக்காக ஸ்பிரிங்கின் அழுத்தம் 15 கிலோ எடைக்குச் சமம் என்று எடுத்துக்கொள்வோம். பள்ளத்தின் சரிவு 45 பாகை என்றால், தண்டை அந்த இடத்திலிருந்து நகர்த்தவும் ஏறக்குறைய அதே 15 கிலோ வேண்டும். பாரம் இழுக்கும்போது ஒரு பல் இன்னொரு பல்லை ஒரு டன் எடைக்குச் சமமான விசையோடு அழுத்துகிறது என்று வையுங்கள். ஒரு டன்னை வெறும் 15 கிலோ எப்படித் தடுக்கும்? பல் நேராக இருக்கும்வரை தடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அழுத்தம் முழுவதும் சுற்றும் திசையில் போகிறது. தண்டின் நீளவாக்கில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனால் அவசரக் கைகள் பல வருடம் வண்டி நிற்குமுன் கியர் போட்டுப் போட்டுப் பல்லின் முனை தேய்ந்து சரிந்துவிடுகிறது. சரிவு 2 பாகை ஆனாலே ஒரு டன்னில் ஏறக்குறைய 35 கிலோ பக்கவாட்டில் திரும்பிச் சக்கரத்தை வெளியே தள்ளப் பார்க்கும். உராய்வு கொஞ்சம் பிடித்துவைக்கும். குலுங்கும் பாதையில், பாரம் ஏறி இறங்கித் துடிக்கும்போது அந்தப் பிடியும் விட்டுப்போகும். 15 கிலோ குண்டு 35 கிலோவிடம் தோற்கிறது. கியர் தெறிக்கிறது.

இதனால்தான் கியர் தெறிக்கும் வண்டிக்கு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி அனுப்புவது அரைகுறை வேலை. சில இடங்களில் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வாசரைப் போட்டு இறுக்கிவிடுவார்கள். சில வாரம் தாங்கும். நோய் பல்லின் முனையிலும், ஃபோர்க்கின் தேய்ந்த நுனியிலும் இருக்கிறது. ஃபோர்க் 2 மில்லிமீட்டர் தேய்ந்தால் சக்கரம் அந்த 2 மில்லிமீட்டர் குறைவாகவே உள்ளே போகும். குண்டு பள்ளத்தின் அடியைத் தொட்டாலும் பல் முழுதாகச் சேர்ந்திருக்காது. அரைகுறையாகச் சேர்ந்த பல் முனையில் மட்டும் தேயும். தேய்வு தேய்வை வளர்க்கும்.

ஏற்றத்தில் கியரைப் பிடித்துக்கொள்ளும் வண்டி இறக்கத்தில் தெறிப்பதும் இதனால்தான். ஏறும்போது இஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. பல்லின் ஒரு முகம் பாரம் தாங்குகிறது. இறங்கும்போது சக்கரம் இஞ்சினைத் தள்ளுகிறது. பாரம் பல்லின் மறுமுகத்துக்கு மாறுகிறது. அந்த முகம் தேய்ந்திருந்தால் குறை அதுவரை வெளியே தெரியாமல், மிக மோசமான இடத்தில் தெரியும்.

எவ்வளவு மோசம் என்று பாருங்கள். பத்துக்கு ஒன்று சரிந்த தோட்டப் பாதை. வண்டி மணிக்கு 8 கிலோமீட்டரில் இஞ்சின் பிடியோடு இறங்குகிறது. கியர் தெறிக்கிறது. பிரேக் போடாவிட்டால், டயர்களின் தடையைக் கழித்தாலும், 10 வினாடியில் வேகம் 35 கிலோமீட்டரைத் தொடும். இந்த வண்டி தன் உச்ச கியரில், சமதரையில், முழு வேகத்தில் ஓடினால் போவதே ஏறக்குறைய 23 கிலோமீட்டர்தான். டிரெயிலரில் இருப்பது கொழுந்தா கருங்கல்லா என்பது வேகம் கூடுவதற்கு அநேகமாகப் பொருட்டில்லை. அதை நிறுத்தப்போகும் பிரேக்குக்குத்தான் பொருட்டு. அந்த பிரேக் பின் சக்கரங்கள் இரண்டில் மட்டும் இருக்கிறது. மீண்டும் கியர் போட்டுக்கொள்ளலாமா? சின்க்ரோமெஷ் இல்லாத பெட்டியில் ஓடும் வேகத்தில் பல் சேராது, அலறும். தட்டைத் தரைக்குச் செய்த நியாயத்தின் விலை இதுதான். மலைத் தோட்டத்து அனுபவசாலி ஓட்டுநர்கள் இறக்கத்தின் தலையிலேயே நிறுத்தி, சிறிய கியரைப் போட்டுக்கொண்டு இறங்குவதற்குக் காரணம் இந்த 10 வினாடி.

பிடித்துவைப்பது ஒரு வேலை. இன்னொன்று, தடுப்பது. இரண்டு தள்ளுதண்டுகளும் அருகருகே கிடக்கின்றன. இரண்டும் ஒன்றாக நகர்ந்தால் டபுள் கியர். ஆகவே அவற்றின் நடுவே ஒரு சிறு ஆணி குறுக்காகப் படுத்திருக்கிறது. சில பெட்டிகளில் ஆணி, சிலவற்றில் இரண்டு குண்டு, சிலவற்றில் ஒரு தகடு; தத்துவம் ஒன்றே. நியூட்ரலில் நிற்கும்போது இரண்டு தண்டின் பக்கவாட்டிலும் ஒவ்வொரு குழி அந்த ஆணியைப் பார்த்தபடி இருக்கும். தண்டுகளுக்கு இடைவெளி 20 மில்லிமீட்டர், குழியின் ஆழம் 5 மில்லிமீட்டர் என்றால் ஆணியின் நீளம் சரியாக 25. அந்த ஐந்தில்தான் சூட்சுமம் எல்லாம். ஒரு தண்டு நகர வேண்டுமானால் ஆணி அதன் குழியை விட்டு வெளியே வர வேண்டும். வெளியே வரும் ஆணிக்கு மற்ற தண்டின் குழியைத் தவிரப் போக இடமில்லை. நுழைந்ததும் அந்த மற்றத் தண்டு பூட்டிக்கொள்கிறது. முதல் தண்டு நியூட்ரலுக்குத் திரும்பும்வரை அதை யாராலும் அசைக்க முடியாது. மின்சாரம் இல்லை, கணினி இல்லை. 'இது அல்லது அது, இரண்டும் ஒன்றாக அல்ல' என்ற தர்க்கத்தை 25 மில்லிமீட்டர் உருக்கு காவல் காக்கிறது.

இதே எண்ணத்தின் பெரிய வடிவம் கண்டிக்காரர்களுக்குப் பழக்கமான ரயில் பாதையிலேயே இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் பாதை கண்டிக்கும் பதுளைக்கும் முக்கோணமாகப் பிரியும் பேராதனைச் சந்தியை எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பாதைக்கு ஒரே நேரத்தில் சிக்னல் விழுந்தால் என்ன ஆகும்? நெம்புகோல் சிக்னல் கூடங்களில் அது விழாதபடி, கோல்களுக்கு அடியில் குறுக்குச் சட்டங்களும் குழிகளும் ஒன்றையொன்று பூட்டுகின்றன. இங்கிலாந்தில் ஜோன் சாக்ஸ்பி இதற்கு 1856இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஒரு ரயில் சந்தியைக் காத்த அறிவு, உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சுருங்கிக் கியர் பெட்டியின் மூடிக்குக் கீழே படுத்திருக்கிறது.

இப்போது பூட்டும் வேலைக்கு வருவோம். கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இதை நெருங்கி நின்று பார்த்தேன். மண்ணெண்ணெயில் கழுவிய பாகங்கள் பழைய பத்திரிகைத் தாளில் வரிசையாக இருந்தன. பாஸ், அதாவது பட்டறையின் மெக்கானிக், முதலில் செய்தது, பெட்டியின் அடிப்பக்கத்துத் திறப்புகளை எல்லாம் துணியால் அடைத்தது. குண்டு ஒன்று கை நழுவி ஓயில் தொட்டிக்குள் போனால் காந்தம் விட்டுத் துழாவ வேண்டும். அகப்படாவிட்டால் பாதி வேலையைத் திரும்பக் கழற்ற வேண்டும். பிறகு ஸ்பிரிங்கைத் துளைக்குள் விட்டு, அதன்மேல் கிரீஸ் தடவிய குண்டை வைத்தார். இந்தப் பெட்டியில் ஸ்பிரிங் கீழிருந்து மேல் நோக்கி அழுத்தும். தண்டு பக்கத்துத் துளை வழியாக வழுக்கி வந்து குண்டின்மேல் ஏற வேண்டும். குண்டு தானாக வழிவிடாது. மெல்லிய கம்பி ஒன்றால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்டைத் தள்ளி, தண்டின் நுனி குண்டைத் தொடும் கணத்தில் கம்பியை உருவ வேண்டும்.

"தம்பி, ஃபோர்க்கப் பிடி. திருப்பிப் போட்டுறாத."

ஃபோர்க்கைத் திருப்பிப் போட்டாலும் சில பெட்டிகளில் தண்டு நுழைந்துவிடும். கியர் மட்டும் முழுதாகச் சேராது. நேராக வைத்து, தண்டோடு ஸ்க்ரூவால் இறுக்கி, ஸ்க்ரூவின் தலைத் துளையில் இரும்புக் கம்பி கோத்து முறுக்கினார்கள். அந்தக் கம்பியின் திசையைக் கவனித்தேன். ஸ்க்ரூ தளரப் பார்த்தால் கம்பி அதை இறுக்கும் பக்கமாக இழுக்கும்படி சுற்றியிருந்தது.

முதல் தண்டு நியூட்ரலில் உட்கார்ந்த பிறகுதான் நடு ஆணி. அதன் பிறகுதான் இரண்டாம் தண்டு. இந்த ஒழுங்கை மாற்ற முடியாது. ஆனால் நடு ஆணியை விட்டுவிட முடியும். அதுதான் பயங்கரம். மற்ற எதை மறந்தாலும் பெட்டி உடனே காட்டிக்கொடுக்கும். ஸ்பிரிங்கை மறந்தால் கம்பி தொளதொளக்கும். ஃபோர்க் ஸ்க்ரூவை மறந்தால் கியரே விழாது. நடு ஆணியை மறந்தால் எல்லாம் வழக்கத்தைவிட வழுக்கலாகக்கூட வேலை செய்யும். மூடி பொருந்தும், வண்டி ஓடும், காசு கைமாறும். கியர் கம்பியின் முனை தேய்ந்து வெட்டிலிருந்து நழுவி, ஒரு தண்டைக் கியரிலேயே விட்டுவிட்டு மற்றதைத் தள்ளும் நாளில்தான் அது இல்லாதது தெரியும்.

ஆகவே மூடியைப் போடுமுன் பாஸ் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. உள்தண்டைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். எல்லோரும் செய்வது அது. பிறகு முதல் தண்டைக் கியரில் தள்ளிவிட்டு, பெரிய ஸ்க்ரூ டிரைவரை இரண்டாம் தண்டின் வெட்டில் கொடுத்து, பலமாக நெம்பினார். அது அசையவில்லை. இன்னும் பலமாக நெம்பினார். அசையவில்லை. தண்டுகளை மாற்றி அதையே செய்தார். ஒரு பாகம் வேலை செய்ய மறுக்கிறதா என்று பார்த்துத்தான் அது வேலை செய்கிறது என்று உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. பிறகு இரண்டையும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். இரண்டு தலை வெட்டும் ஒரே கோட்டில் நின்றன. மூடியோடு சேர்ந்து வரும் கியர் கம்பியின் முனை அந்த வெட்டுக்குள் இறங்க அதுதான் வழி.

மூன்று கியர்தானே, இந்த வண்டிக்கு ஆறு என்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு: பெட்டியின் பின்முனையில் கோள்சக்கரத் தொகுதி ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி ஓடும் சிறு சக்கரங்கள், எல்லாவற்றையும் வளைத்து உள்பல் கொண்ட ஒரு வளையம். வளையத்துக்கு நடுச்சக்கரத்தைப்போல மூன்று மடங்கு பல் இருந்து, அது அசையாமல் நின்றால், நடுச்சக்கரத்தின் நான்கு சுற்றுக்கு வெளியே ஒரு சுற்றுத்தான் வரும். மூன்றல்ல, நான்கு; சிறு சக்கரங்களின் தாங்கி தானும் கூடவே சுற்றுவதால் ஒன்று கூடுகிறது. இதைச் சேர்த்தால் 'லோ', விலக்கினால் 'ஹை'. மூன்று கியரும் நான்கால் வகுபட்டு ஆறாகின்றன. மணிக்கு 2 கிலோமீட்டர் சொச்சத்தில் ஊர்வதும் இதனால்தான் முடிகிறது.

இந்த ஹை-லோ கம்பியின் நடு நிலையிலேயே ஸ்டார்ட் சுவிட்சும் இருக்கிறது. அந்த இடத்தில் கம்பி நின்று சுவிட்சை அழுத்தினால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். டிஇ20இல் கியர் கம்பியையே தனி ஓர் இடத்துக்குத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த வழக்கத்தின் வாரிசு இது. கியரில் கிடக்கும் வண்டி ஸ்டார்ட் ஆகி ஆள்மேல் பாயாமல் காப்பது இந்தச் சுவிட்ச். பழைய வண்டிகள் பலவற்றில் இது கெட்டதும் ஒரு துண்டு வயரால் நேராக இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கியர் பெட்டியை இவ்வளவு கவனமாகப் பூட்டிவிட்டு, ஒரு சிறிய சுவிட்சுக்காக அதன் காவலைக் கழற்றிவைப்பதில் அர்த்தமே இல்லை.

ஆனால் மலைப்பக்கத்தில் ஓர் ஆபத்திலிருந்து மட்டும் இந்தச் சுவிட்ச் காக்காது. ஹை-லோ கம்பி நடுவில் வந்ததும் பின் சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. மேலே முதல் கியர் விழுந்து கிடந்தாலும் வண்டி உருளும். சரிவில் கியர் போட்டு நிறுத்திய வண்டியை ஸ்டார்ட் செய்ய அந்தக் கம்பியை நடுவுக்கு இழுக்கும் கணமே, அதைப் பிடித்திருந்த ஒரே பிடி விடுபடுகிறது. ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் சரிவுப் பக்கமாகச் சக்கரத்துக்குக் கல், பிறகு பிரேக், அதன் பிறகுதான் கம்பி. கியர் போட்டு, கிளச்சை மெல்ல விட்டு, இஞ்சின் பாரத்தைத் தாங்கிய பிறகே கல்லை எடுக்க வேண்டும். எடுப்பவர் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், சரிவுப் பக்கத்தில் நிற்கக் கூடாது.